மெல்லிசைக் கச்சேரி மேடையில் மிக்சிங்: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

ஊர்த் திருவிழாக் கச்சேரிகளில் மிக்சர், அதாவது எல்லா மைக்கின் ஒலியையும் கலந்து அனுப்பும் கருவி, போடும் இடத்துக்கு ஒரு ராசி உண்டு. கேபிள் இழுத்து முடிப்பதற்குள் யாராவது பக்கத்தில் வந்து நின்று கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். தொழில் கற்க வந்த தம்பிகள், குழுவின் புதுப் பாடகர்கள், விழாக் கமிட்டிக்காரர்கள் என்று ஆள் மாறும், கேள்வி பெரும்பாலும் மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டுவிட்டேன். மனதில் இருப்பது கோயில் மைதானம், திறந்தவெளி மேடை, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட மெல்லிசைக் குழு. மண்டபத்தில் விஷயம் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

அண்ணே, மிக்சர்ல இவ்வளவு குமிழ் இருக்கே, எதை முதல்ல கத்துக்கணும்?

ஒரே ஒரு சேனலைக் கற்றுக்கொண்டால் போதும். 32 சேனல் மிக்சர் என்றால் அதே வரிசை 32 தடவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். மேலே கெயின், அதற்குக் கீழே ஒலியின் அடி, நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூ, அப்புறம் மானிட்டருக்கும் (மேடையில் இருப்பவர்களுக்குக் கேட்க வைக்கும் பாக்ஸ்) எக்கோவுக்கும் தனியாக அனுப்பும் ஆக்ஸ், கடைசியில் மேலும் கீழும் தள்ளும் ஃபேடர். மைக்கில் இருந்து வருவது மேலிருந்து கீழாக இறங்கி, வலது ஓரத்தில் இருக்கும் மாஸ்டருக்குப் போய், அங்கிருந்து ஆம்புக்கும் பாக்ஸுக்கும் (ஸ்பீக்கர்) போகிறது. எங்கே சத்தம் நின்றுபோனாலும் இந்த வழியிலேயே ஒவ்வொரு படியாகத் தேடினால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். வழி தெரியாதவன்தான் எல்லாக் குமிழையும் திருகிப் பார்ப்பான்.

கெயினுக்கும் ஃபேடருக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் சத்தத்தைத்தானே கூட்டுது?

மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். அதை மிக்சர் வேலை செய்யக்கூடிய அளவுக்கு உயர்த்துவது கெயின். அப்படி உயர்ந்து வந்ததில் எவ்வளவு பாக்ஸுக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது ஃபேடர். கெயின் குறைவாக இருந்தால் ஃபேடரை உச்சியில் தள்ள வேண்டி வரும், கூடவே உஸ் என்ற இரைச்சலும் ஏறும். அதிகமானால் சிவப்பு விளக்கு எரிந்து குரல் கரகரக்கும், அதற்கப்புறம் ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் கரகரப்பு போகாது. அனலாக் மிக்சரில் மீட்டர் 0-ஐ ஒட்டியும், டிஜிட்டல் மிக்சரில் -18 பக்கத்திலும் ஆடினால் நல்லது.

இதில் ஒரு சிக்கல். சவுண்ட் செக்கில் பாடகர் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று கல்யாண வீட்டில் பேசுவது போல மெதுவாகச் சொல்வார். ராத்திரி கூட்டத்தைப் பார்த்ததும் அதே ஆள் கத்தித் தீர்த்துவிடுவார். அதனால் பல்லவியில் உச்ச ஸ்தாயி வரும் வரியைப் பாடச் சொல்லித்தான் கெயின் வைக்க வேண்டும். கச்சேரி ஓடும்போது கெயினில் கை வைக்கவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டருக்குப் போகும் ஆக்ஸும் அதற்குப் பின்னால்தான் இருக்கிறது, கெயின் ஏறினால் மேடையில் இருக்கும் எல்லா மானிட்டரிலும் அந்தக் குரல் சேர்ந்து ஏறும்.

மைக் ஏன் திடீர்னு 'கூ'ன்னு கத்துது?

பாக்ஸிலிருந்து வரும் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போய், பெரிதாகி, மறுபடி பாக்ஸ் வழியாக வந்து, மறுபடி மைக்குக்குள் போகிறது. சுற்று முடியாமல் ஓடினால் ஊளை. நம் ஆட்கள் ஹவுலிங் என்பார்கள்.

இதை மிக்சரில் தீர்ப்பது கடைசி வழி. மேடையில் தீர்ப்பதுதான் முதல் வழி. மெயின் பாக்ஸ் இரண்டும் மைக்குகளுக்கு முன்னால், கூட்டத்தின் பக்கம் தள்ளி நிற்க வேண்டும். இடம் இல்லை என்று மேடையின் பின்சுவரை ஒட்டி வைத்துவிட்டு ஹவுலிங் வருகிறதே என்றால் யார் என்ன செய்ய முடியும்? பாடகர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பாடுபவர், இரண்டு விரல் தூரத்துக்கு வந்தாலே ஃபேடரைப் பாதிக்கு மேல் இறக்கிவிடலாம்.

பலருக்குத் தெரியாதது இன்னொன்று. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும், ஊளையிடாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறைகிறது. 2 மைக் 4 ஆனால் 3 டெசிபல், 8 ஆனால் 6. பாடாமல் உட்கார்ந்திருக்கும் கோரஸ்காரர்களின் மைக்கை மியூட்டில் வைப்பது சின்ன வேலை, ஆனால் பலன் பெரிது.

அப்போ கிராஃபிக் ஈக்வலைசர் எதுக்கு? கத்துற இடத்தை வெட்டினா தீர்ந்ததே?

மேலே சொன்னதெல்லாம் செய்தபின் மிச்சம் இருப்பதை வெட்டத்தான் அது. கூட்டம் வருவதற்கு முன்பு, ஒரு குரல் மைக்கைத் திறந்து, மானிட்டரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். முதலில் கத்தும் இடத்தைக் காதால் பிடித்து, 31 பட்டைகளில் அந்த ஒன்றை மட்டும் 3 முதல் 6 டெசிபல் இறக்குங்கள். 'ஊ' என்று அடித்தொண்டையில் கத்தினால் 250 முதல் 500 ஹெர்ட்ஸ் பக்கம், விசில் மாதிரி 'கீ' என்றால் 2,000-க்கு மேலே. மறுபடி ஏற்றுங்கள், அடுத்தது கத்தும், அதையும் இறக்குங்கள்.

மூன்று நான்கு இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஏழு எட்டு இடத்தில் வெட்டியும் கத்துகிறது என்றால் தப்பு வேறெங்கோ இருக்கிறது. பாக்ஸ் இடமோ மைக்கோ. வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஹவுலிங்கோடு பாடகரின் குரலும் சேர்ந்து காணாமல் போகும்.

பாடகர் மைக் தலையைக் கையால மூடிப் பிடிக்கிறார், ஸ்டைலா இருக்குன்னு. அதனால என்ன?

நிறைய இருக்கிறது. 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 மாதிரி மேடை மைக்குகள் முன்னால் வரும் சத்தத்தை அதிகமாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் எடுப்பது, கம்பி வலைக்குள் இருக்கும் பின்பக்கத் துவாரங்களால்தான். உள்ளங்கையால் அதை மூடிவிட்டால் மைக்குக்குத் திசை தெரியாமல் போய்விடும், எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், காலடியில் இருக்கும் மானிட்டர் உட்பட. குரலும் குடத்துக்குள் பாடுவது மாதிரி ஆகிவிடும்.

இதோடு சேர்ந்ததுதான் மானிட்டர் எங்கே வைப்பது என்பதும். எஸ்எம்58 போன்ற கார்டியாய்ட் மைக்குக்கு நேர் பின்னால் மானிட்டர் இருப்பது நல்லது, அது கேட்காத இடம் அதுதான். பீட்டா 58 போன்ற சூப்பர் கார்டியாய்டுக்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், செவிடான இடம் பின்பக்கத்தில் இரண்டு ஓரங்களிலும் இருக்கிறது. அதற்கு மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். ஒரே மேடையில் இரண்டு வகை மைக்கும் கலந்து கிடந்தால், பாடகர்கள் பாட்டுக்குப் பாட்டு கைமாற்றிக்கொள்ளும்போது ஹவுலிங் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. எந்த மைக் யாருக்கு என்று கலர் டேப் ஒட்டிவிடுங்கள்.

'எக்கோ ஏத்துங்கண்ணே'ன்னு பாடகர் கேட்டுட்டே இருக்கார். எவ்வளவு ஏத்தலாம்?

முக்கால்வாசி நேரம் அவருக்கு வேண்டியது எக்கோ கிடையாது. தன் குரல் தனக்குக் கேட்கவில்லை, அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எக்கோ கேட்கிறார். முதலில் அவர் மானிட்டரில் அவர் குரலைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், அல்லது அதே மானிட்டரில் இருக்கும் கீபோர்டை இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்.

எக்கோ என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு இருக்கிறது. ரிவர்ப் என்பது அறைக்குள் பாடுவது போன்ற சூழல், டிலே என்பது வரி திரும்பி வருவது. திறந்த மைதானத்தில் சுவர் இல்லாததால் குரல் காய்ந்து கேட்கும், அங்கே ரிவர்ப் வேண்டும். கல்யாண மண்டபத்தில் டைல்ஸ் தரையும் மொட்டைச் சுவரும் தேவைக்கு மேலேயே தந்துவிடும், நீங்கள் ஒன்றும் போடாதீர்கள். டிலே வைக்கும்போது பாட்டின் தாளத்தோடு பொருந்த வேண்டும். 60,000-ஐ நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதால் வகுத்தால் ஒரு தட்டுக்கான மில்லி செகண்ட் வரும், 120 தட்டுப் பாட்டுக்கு 500. மெலடிக்கு இது அழகு. குத்துப் பாட்டில் டிலே போட்டால் வார்த்தையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கடைசியில் கூச்சல்தான் மிஞ்சும்.

பாட்டு முடிந்து அவர் பேச ஆரம்பித்ததும் எக்கோவை மியூட் செய்ய வேண்டும். "அடுத்ததாக... ததாக... தாக" என்று பேசுவதைக் கேட்டால், ஆப்பரேட்டர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று மைதானமே தெரிந்துகொள்ளும்.

லோ கட் பட்டனை எல்லாச் சேனலுக்கும் போட்டுடலாமா?

ஒரு எல்லைக்குக் கீழே இருக்கும் அடி ஒலியை வெட்டுவது லோ கட். குரல் மைக்குகளுக்கு யோசிக்காமல் போடலாம், 100 அல்லது 120 ஹெர்ட்ஸில். பலகை மேடையில் நடக்கும் 'தொம் தொம்', மைக் மேல் வீசும் காற்று, 'ப' சொல்லும்போது வரும் வெடிப்பு, இதெல்லாம் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. புல்லாங்குழல், வயலின் என்றால் இன்னும் மேலே ஏற்றலாம். கிக் டிரம், பேஸ் கிட்டார், கீபோர்டு, தபேலாவின் இடது, டோலக்கின் பெரிய பக்கம், இவற்றுக்குப் போடக்கூடாது.

பாட்டு வரியே புரியலை, வெறும் இரைச்சலா இருக்குன்னு கமிட்டிக்காரர் திட்டுறார். மெயினை ஏத்தட்டுமா?

வேண்டாம். ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்துதான் ஏறும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

நம் ஊர்க் கூட்டம் பாட்டு வரிக்காக வருகிறது. பழைய பாட்டு என்றால் ஒவ்வொரு வரியும் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு சொல் விழுங்கப்பட்டாலும் தெரிந்துவிடும். சொல்லைப் புரியவைப்பது க, ச, ட, த, ப, ற போன்ற மெய்கள், அவற்றின் தெளிவு ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. அதே இடத்தில்தான் கீபோர்டின் ஸ்ட்ரிங்ஸ், பிராஸ், ரிதம் பேடின் தாளத் தட்டு, கிட்டார் எல்லாம் கூட்டமாக உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே குரலை ஏற்றுவதற்கு முன் கீபோர்டில் 2,500 பக்கம் 3 டெசிபல் குறையுங்கள். குரலிலேயே 250 முதல் 400 வரை இருக்கும் மந்தத்தைக் கொஞ்சம் வெட்டுங்கள். ஃபேடரைத் தொடாமலேயே வரி வெளியே வரும்.

இதற்கும் மேல் ஒன்று உண்டு, அதை எந்தக் குமிழாலும் செய்ய முடியாது. இரண்டு கீபோர்டுக்காரர்களும் இடது கையில் பேஸ் வாசித்துக்கொண்டிருப்பார்கள், பக்கத்திலேயே பேஸ் கிட்டாரும் ஓடும், ரிதம் பேடில் கிக், டிரம்ஸில் இன்னொரு கிக். ஐந்து பேர் ஒரே வாசலில் நுழைந்தால் எப்படி? ரிகர்சல் நேரத்தில் குழுத் தலைவரிடம் போய், "சார், பேஸ் கிட்டார் இருக்கிற பாட்டுக்கு கீஸ்ல லெஃப்ட் ஹேண்ட் வேண்டாமே" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். கேட்டுக்கொள்ளும் குழுக்களின் கச்சேரி நன்றாக இருக்கும், ஆப்பரேட்டர் யாராக இருந்தாலும்.

தபேலா, டோலக்குக்கு மைக் எங்க வைக்கிறது?

தபேலாவுக்கு இரண்டு மைக், வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. ஒரே மைக்கை நடுவில் வைத்துச் சமாளிக்கலாம்தான், ஆனால் இடதில் வழுக்கி எழும் கும்கி நாதம் கேட்க வேண்டும் என்று ஏற்றினால் வலது காதைக் குத்தும். வலதின் மேல் நான்கைந்து விரல் உயரத்தில், வாசிக்கும் கைக்கு இடைஞ்சல் இல்லாமல், எதிர்ப்பக்கத்திலிருந்து சாய்த்து வையுங்கள். மைக் கறுப்புச் சாந்தின் நடுவைப் பார்த்தால் 'தின்' நீளமாக, நிறைவாக வரும். ஓரத்தைப் பார்த்தால் 'நா' கூர்மையாக வரும். பாட்டுக்கு ஏற்ப ஒரு விரற்கடை நகர்த்தினாலே வித்தியாசம் கேட்கும். ஈக்யூவில் அரை மணி நேரம் தேடினாலும் அந்த வித்தியாசம் கிடைக்காது. வாசிப்பவர் கைக்குப் பவுடர் போடும்போது மைக்கை ஒரு கையால் மூடச் சொல்லுங்கள், வலைக்குள் பவுடர் போய் உட்கார்ந்தால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

டோலக்குக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்தால், ஒரு சேனலில், ஒலி அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை அழுத்தியும் எடுத்தும் கேட்டுப் பாருங்கள். இரண்டு மைக்கும் எதிரெதிரே பார்ப்பதால் அடிநாதம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. எந்த நிலையில் டோலக் பருமனாகக் கேட்கிறதோ அதுவே சரி. வாசிப்பவர் பின்னால் டிரம்ஸ் இருந்தால் டோலக் மைக்கில் டிரம்ஸும் சேர்ந்து விழும், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

கீபோர்டை மிக்சர்ல குத்தினதும் 'ம்ம்ம்'னு இரைச்சல் வருது. கீபோர்டு கெட்டுப்போச்சா?

கெட்டிருக்காது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மேடையில் கீபோர்டுக்கு ஒரு இடத்தில் கரண்ட், மிக்சருக்கு வேறு இடத்தில் கரண்ட், நடுவில் ஆடியோ கேபிள் என்றால், இரண்டு எர்த்துக்கும் இடையில் ஒரு வளையம் உண்டாகி அந்த 50-உம் அதன் மடங்குகளும் உள்ளே வந்துவிடும். கீபோர்டு பக்கத்தில் ஒரு டிஐ பாக்ஸ் (வாத்தியத்தின் ஒலியை மைக் கேபிளில் அனுப்ப ஏற்றதாக மாற்றும் சின்னப் பெட்டி) வைத்து, அதிலிருந்து மைக்குக்குப் போடும் எக்ஸ்எல்ஆர் கேபிளில் கொண்டுவாருங்கள். டிஐ பாக்ஸில் ஆடியோ கேபிள் வழியாகப் போகும் எர்த்தை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்று சொல்லித்தரும் ஆட்கள் இருக்கிறார்கள். தம்பி, அதை மட்டும் செய்யாதே. கையில் கிட்டார் கம்பி, உதட்டில் மைக்கின் இரும்பு வலை, நடுவில் வோல்டேஜ் வித்தியாசம். மழை பெய்து நனைந்த மேடையில் அது உயிரை எடுத்துவிடும். ஜெனரேட்டரில் ஓடினால் அதற்கு எர்த் ராடு அடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மைக்கைக் கொடுக்க வேண்டும். சீரியல் லைட்டும் மேடை விளக்கும் ஓடும் லைனிலேயே சவுண்டுக்கும் கரண்ட் எடுக்காமல் தனி ஃபேஸ் லைன் கேளுங்கள், விளக்கு மங்கி எரியும்போதெல்லாம் வரும் 'ஸ்ஸ்ஸ்' அதோடு போய்விடும்.

மேடையில ஆளாளுக்கு 'எனக்குக் கூட்டு, எனக்குக் கூட்டு'ங்கிறாங்க. யாருக்குக் கொடுக்கிறது?

ஒருவருக்கு ஏற்றினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தன்னுடையது கேட்காது, அவர் ஏற்றச் சொல்வார், அப்புறம் முதல் ஆள் மறுபடி கை காட்டுவார். கொஞ்ச நேரத்தில் மேடை மைதானத்தை விட அதிகமாகக் கத்தும். அதனால் யாராவது ஏற்றச் சொன்னால், அவர் மானிட்டரில் எதை இறக்கலாம் என்று முதலில் பாருங்கள். பாடகருக்குத் தன் குரலும், சுருதிக்குக் கீபோர்டும், தாளத்துக்கு ஒரு வாத்தியமும் போதும். எல்லாவற்றையும் எல்லோருக்கும் அனுப்புவது ஒருவருக்கும் உதவாது.

மானிட்டருக்குப் போகும் ஆக்ஸ் ப்ரீ ஃபேடராக (ஃபேடருக்கு முன்னாலேயே பிரிவது) இருக்கட்டும், மெயினில் நீங்கள் செய்வது அவர்கள் காதுக்குப் போகக்கூடாது. எக்கோவுக்குப் போகும் ஆக்ஸ் போஸ்ட் ஃபேடராக (ஃபேடருக்குப் பின்னால் பிரிவது) இருக்கட்டும், குரலை இறக்கினால் எக்கோவும் கூடவே இறங்க வேண்டும். இதை மாற்றிப் போட்டுவிட்டுப் பாதிக் கச்சேரி தவிக்கிறவர்கள் உண்டு.

சாயங்காலம் செக் பண்ணப்ப பிரமாதமா இருந்துச்சு, ராத்திரி வேற மாதிரி ஆயிடுச்சே?

ஆகத்தான் செய்யும். காலி மைதானத்தில் கேட்டது வேறு, ஆயிரம் பேர் உட்கார்ந்த மைதானத்தில் கேட்பது வேறு, மனித உடம்பும் துணியும் மேல் சத்தத்தை நன்றாகவே விழுங்கும். முதல் பாட்டு ஓடும்போது மிக்சரை விட்டு எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து திருத்துங்கள். பிள்ளையார் பாட்டில் ஆரம்பிப்பதால் அது முடிவதற்குள் திருத்தினால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்று காற்று. பகலில் தரை சூடாக இருக்கும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும், இருட்டியபின் தரை குளிர்ந்ததும் கீழ்நோக்கி வளையும். அதனால்தான் நாலு மணிக்கு அடுத்த தெருவுக்கே சரியாகக் கேட்காத அதே அளவு, ராத்திரி ஒன்பது மணிக்கு அடுத்த ஊர்க்காரரைத் தூங்கவிடாமல் செய்கிறது.

முன்னாடி இருக்கிறவங்க காதைப் பொத்துறாங்க, பின்னாடி இருக்கிறவங்க கேட்கலைங்கிறாங்க. நடுவுல நான் என்ன பண்றது?

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபல் குறையும். பாக்ஸிலிருந்து 5 மீட்டரில் இருப்பவருக்கும் 40 மீட்டரில் இருப்பவருக்கும் 18 டெசிபல் வித்தியாசம். பாக்ஸை உயரத்தில் ஏற்றிச் சற்றுக் கீழே சாய்த்தால், முன்வரிசைக்கும் பாக்ஸுக்கும் உள்ள தூரம் கூடி இந்த வித்தியாசம் குறையும். தரையில் பெஞ்சு மேல் வைத்தால் முதல் வரிசைதான் எல்லாவற்றையும் வாங்கும்.

அதுவும் போதவில்லை என்றால் பாதி மைதானத்தில் இன்னொரு ஜோடி பாக்ஸ் வைக்கலாம், ஆனால் டிலே கொடுக்காமல் வைக்கக்கூடாது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும், அதாவது ஒரு மீட்டருக்கு 2.9 மில்லி செகண்ட் பக்கம். 40 மீட்டரில் வைத்த பாக்ஸுக்கு 115 மில்லி செகண்ட், அதோடு 10 முதல் 15 சேர்த்துக் கொடுங்கள். அப்போது மேடைச் சத்தம் முதலில் வந்து சேரும், பக்கத்துப் பாக்ஸ் ஒலித்தாலும் பாட்டு மேடையிலிருந்து வருவதாகவே காது நம்பும். டிலே இல்லாவிட்டால் ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தடவை கேட்கும், வரி புரியலை என்ற பழைய புகார் மறுபடி வரும்.

சப் ஓரிடத்துல நெஞ்சை அடிக்குது, நாலடி தள்ளி நின்னா காணோம். சப் ரிப்பேரா?

அடி ஒலிக்கான பெரிய பாக்ஸான சப்பை இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று என்று வைத்திருப்பீர்கள். 50 ஹெர்ட்ஸின் அலை நீளம் 7 மீட்டர். இரண்டு சப்பிலிருந்தும் ஒரே தூரத்தில் இருக்கும் நடுக்கோட்டில் இரண்டும் கூடும், பக்கவாட்டில் நகர நகர ஓரிடத்தில் அழியும், ஓரிடத்தில் கூடும். எல்லாச் சப்பையும் மேடைக்கு முன்னால் நடுவில் ஒன்றாக அடுக்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஆனால் அது மேடை மைக்குகளுக்கு நேர் எதிரே வந்துவிடும், குரலுக்கு லோ கட் போட்டிருக்கிறீர்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

டூயட்ல ஆண் குரல் ஓங்கி அடிக்குது, பெண் குரல் வரவே இல்லை. கம்ப்ரஸர் போட்டா சரியாகுமா?

கம்ப்ரஸர் என்பது சத்தம் ஓர் அளவைத் தாண்டும்போது தானாக அமுக்குவது. ஓங்கி அடிப்பவருக்குப் போடுங்கள், 3:1 அளவில், உரக்கப் பாடும்போது 4 முதல் 6 டெசிபல் இறங்குகிற மாதிரி. மெல்லப் பாடுபவருக்கு அழுத்தமாகக் கம்ப்ரஸர் போட்டு, குறைந்ததை ஈடுகட்டச் சத்தத்தை ஏற்றினால், அவர் வாய் மூடியிருக்கும் நேரத்திலும் அந்த மைக் திறந்து ஏறி நிற்கும், ஹவுலிங் அங்கிருந்துதான் கிளம்பும். அவருக்கு மைக்கைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்வது எந்தக் கம்ப்ரஸரையும் விட நல்ல வைத்தியம். சிலர் கூச்சத்தில் தள்ளிப் பிடிப்பார்கள், "அக்கா, தாடையில படுற மாதிரி வச்சுப் பாடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டிஜிட்டல் மிக்சர் வாங்கினா சவுண்ட் தானா நல்லா வந்துடுமா?

வராது. வேலை சுலபமாகும், அது உண்மை. 2012-இல் பெரிங்கர் எக்ஸ்32 வந்தபின் 32 மைக் உள்ளீடும் ஒவ்வொரு சேனலிலும் நாய்ஸ் கேட் (மெல்லிய இரைச்சலை அடைப்பது), கம்ப்ரஸர் இரண்டும் சின்ன சவுண்ட் சர்வீஸ்களுக்கும் எட்டும் விலைக்கு வந்தன. அதே குழுவோடு ஊர் ஊராகப் போகிறவருக்கு சீன், அதாவது எல்லாக் குமிழ்களின் நிலையையும் மொத்தமாகச் சேமித்து வைப்பது பெரிய வரம், இருந்தாலும் நேற்றைய ஊரின் சீனை இன்றைய ஊரில் அப்படியே ஓட்டாதீர்கள், மானிட்டர் ஈக்யூ இடத்துக்கு இடம் மாறும்.

டேப்லெட்டில் மிக்ஸ் செய்கிறவர்கள் ரௌட்டரை 5 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். சாயங்காலம் நன்றாக வேலை செய்த 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, ஆயிரம் செல்போனோடு கூட்டம் வந்து உட்கார்ந்ததும் அறுந்து அறுந்து போகும். மிக்சருக்கு ஒரு யுபிஎஸ் கட்டாயம். ஜெனரேட்டருக்கு மாற்றும் அந்த ஒரு வினாடியில் அனலாக் மிக்சர் கண் சிமிட்டிவிட்டு ஓடும், டிஜிட்டல் மிக்சர் அணைந்து திரும்ப எழும்வரை மேடையே வாயடைத்து நிற்கும்.

நடுவுல கமிட்டிக்காரர் ஏறி, பாடகர் மைக்கை வாங்கி நன்கொடை பேர் படிக்கிறார். தட்டித் தட்டிப் பார்த்து, ஊதிப் பார்த்து... என்ன செய்ய?

அறிவிப்புக்கென்று தனி வயர் மைக் ஒன்றை மேடை ஓரத்தில் ஸ்டாண்டோடு வைத்து, கச்சேரிக்கு முன்பே கமிட்டியில் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். எக்கோ கிடையாது, லோ கட் 150-இல், கம்ப்ரஸர் உண்டு, மற்ற நேரம் மியூட். வேலை முடிந்தது. "வழியை மறித்து நிற்கும் வெள்ளை நிறக் கார்" முதல் காணாமல் போன குழந்தை வரை எல்லாம் அதிலேயே போகட்டும். பொன்னாடை போர்த்தும் நேரத்தில் பாடகர் மைக்குகள் அனைத்தையும் மியூட் செய்யுங்கள், சரிகை உரசும் சத்தம் மைதானத்துக்கு வேண்டாம்.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்? பத்து மணிக்கு மேல போலீஸ் வருமா?

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலமான அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஓடக்கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு வருடத்துக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை விலக்குத் தரலாம். உங்கள் விழா அந்த நாட்களில் வருகிறதா என்பதைக் கமிட்டிதான் காட்ட வேண்டும், ஆப்பரேட்டர் அதை நம்பிக்கையில் விடக்கூடாது. இடத்தின் எல்லையில் அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபல், அல்லது 75 டெசிபல், இதில் எது குறைவோ அதுவே வரம்பு. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55 என்பதால் 65-க்கு மேல் போகக்கூடாது என்றாகிறது. நிஜத்தில் எந்தத் திருவிழாவிலும் இதை யாரும் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம், புகார் வந்தால் முதலில் கழற்றப்படுவது நம் ஆம்ப்தான்.

காதுக்கு இன்னொரு கணக்கு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு அமைப்பான நயோஷ் (NIOSH) 85 டெசிபலில் 8 மணி நேரம் என்கிறது, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். கச்சேரி மூன்று மணி நேரம். மானிட்டர் பக்கம் நிற்கும் தம்பிகளுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள், அம்பது ரூபாய்க்கும் கிடைக்கிறது.

எல்லாம் நல்லா இருந்துச்சு, ஆனா மிக்சர்ல இருந்து எடுத்த ரெக்கார்டிங்கைக் கேட்டா குரல் மட்டும் தனியா நிக்குது, டிரம்ஸ் எங்கேயோ இருக்கு. ஏன்?

மைதானத்தில் டிரம்ஸும் கிட்டார் ஆம்பும் மேடையிலிருந்து தானாகவே கேட்டன, அதனால் மிக்சரில் அவற்றை இறக்கி வைத்திருந்தீர்கள். மிக்சரில் இருந்தது குறைந்ததை நிரப்பிய மிச்சம்தான், முழுப் பாட்டு காற்றில்தான் இருந்தது. சின்ன மேடைகளில் இது எப்போதும் நடக்கும், பெரிய மைதானத்தில் குறையும்.

நேரலை அல்லது ரெக்கார்டிங் கேட்டால் மெயினிலிருந்து எடுத்துக் கொடுக்காமல், ஒரு ஜோடி ஆக்ஸைத் தனியாக ஒதுக்கி, போஸ்ட் ஃபேடராக வைத்து, அதில் டிரம்ஸையும் தாள வாத்தியங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டு வைக்க வேண்டும், ஆனால் கச்சேரி ஓடும்போது ஹெட்ஃபோனுக்குள்ளும் மைதானச் சத்தம் புகுந்து ஏமாற்றும், ஆகவே ரிகர்சலில் பத்து நிமிடம் பதிவு செய்து, வாத்தியங்கள் நின்றபின் கேட்டுப் பாருங்கள். கைத்தட்டலுக்கு மிக்சர் பக்கம் கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக் வைத்து அந்த ஆக்ஸில் மட்டும் சேர்க்கலாம், மெயினுக்குப் போகக்கூடாது. மிக்சர் மேடையிலிருந்து 25 மீட்டரில் இருந்தால் அந்த மைக்குகளுக்குப் பாட்டு 70 மில்லி செகண்ட் பிந்தித்தான் வரும், அதனால் ரெக்கார்டிங் ஆக்ஸில் மற்றச் சேனல்களுக்கு அதே அளவு டிலே கொடுக்க முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் அந்த மைக்குகளைப் பாட்டு ஓடும்போது இறக்கி, முடிந்ததும் ஏற்றுங்கள்.